படைப்போன் பெயரை மறைத்த சட்டம்: ஆர்க்கன்சாஸ் தீர்ப்பின் ஆராய்ச்சி

ஒரு நூல் தான் கூறும் பொருளை எவ்வளவை கொண்டு நிறுவுகின்றதென ஆராயாது அந்நூலை வாதக்களத்திற்கு இழுப்போர், தாம் காக்கப் புகுந்த பொருளையே இழப்பர். காட்சிக்குரியதனைக் காட்சியானும், கருதற்குரியதனைக் கருதலானும், உரைக்குரியதனை உரையானும் கொள்ளல் வேண்டுமென்பது அளவை நூலார் பெரும்பாலார்க்கு உடன்பாடு. இம்முறை பிறழ்ந்தவழி நேரும் கேட்டிற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பொதுப் பள்ளிக்கூடங்களிற் பரிணாமக் கொள்கையைக் கற்பித்தல் பற்றி எழுந்த நெடிய வழக்கு ஒரு சான்றாகும். அவ்வழக்கில் மதத்தலைவர்கள் செலுத்திய செல்வாக்கு எத்தகையது, அஃது எப்பக்கம் நின்றது, அதனால் மதத்திற்கு விளைந்தது ஆக்கமா கேடா என்பவற்றை, 1982-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் ஆர்க்கன்சாஸ் மாகாணத்து லிட்டில் ராக் நகரில் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் வழங்கிய தீர்ப்புரையை முதலாகக் கொண்டு ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் சொற்பொருள் ஒன்று தெளிவித்தல் வேண்டும். பரிணாமம் என்னுஞ் சொல், முதற்காரணம் காரியமாய்த் திரிதலைக் குறித்துத் தத்துவ நூல்களிற் பயின்று வருவது. அப்பொருள் ஈண்டுக் கொள்ளற்க. உயிர்வகைகள் தலைமுறைதோறும் சிறுசிறு வேறுபாடு எய்தி, அவற்றுட் சூழலுக்கு இயைந்தன எஞ்சி நிற்ப, நெடுங்காலத்தில் வேறு வகைகளாய்ப் பிரிந்தன என்றும், மக்கட்கும் பிற விலங்குகட்கும் முன்னோர் பொதுவாயினர் என்றும் சார்லஸ் டார்வின் 1859-லும் 1871-லும் வெளியிட்ட நூல்களால் விளக்கிய உயிர்நூற் கொள்கையே ஈண்டுப் பரிணாமம் எனப்படும். அஃது உடம்புகளின் வரலாறு கூறுவது. உலகிற்குக் கருத்தா ஒருவன் உண்டோ இல்லையோ, உயிரின் இயல்பு யாது என்னும் வினாக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டன.

இப்பூசலை மதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் இடையே நிகழ்ந்த போர் என்று கூறுதல் பெருவழக்கு. ஆர்க்கன்சாஸ் வழக்கின் வாதிகள் யாவரென நோக்கிய அளவிலே அக்கூற்றுப் பொருந்தாமை விளங்கும். படைப்பைக் கற்பிக்குமாறு விதித்த சட்டத்தை எதிர்த்து முதல் வாதியாய் நின்றவர் வில்லியம் மக்லீன் என்னும் மெதடிஸ்ட் போதகர். அவரோடு, மெதடிஸ்ட், எப்பிஸ்கோப்பல், ரோமன் கத்தோலிக்கம், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் என்னும் திருச்சபைகளுக்கு அம்மாகாணத்தில் தலைமை பூண்ட மேற்றிராணிமாரும், பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் தலைமை அதிகாரியும், பாப்டிஸ்ட் முதலிய பிற சபைப் போதகர்களும், யூத சமயச் சங்கங்களும் வாதிகளாயினர். உயிர்நூல் ஆசிரியர் ஒருவரும், பெற்றோர் சிலரும், ஆசிரியர் சங்கங்களும் உடன் நின்றனர். சட்டத்தை இயற்றுவித்தவரும் மதகுருமார். அதனை வீழ்த்த முன்வந்தவரும் மதகுருமார். ஆதலின் ஆராய்தற்குரிய வினா, மதம் வென்றதா விஞ்ஞானம் வென்றதா என்பதன்று. இருதிறக் குருமாருள் தம் மதத்தின் உயிர்நிலையைக் காத்தவர் யாவர் என்பதே அவ்வினா.

இதற்கு விடை காண, வழக்கின் தொடக்கத்தினின்று வருதல் வேண்டும். 1919-இல், மினியாபொலிஸ் நகரப் பாப்டிஸ்ட் போதகராகிய வில்லியம் பெல் ரைலி என்பார், விவிலியத்தை எழுத்துக்கு எழுத்து மெய்யெனக் கொள்வோரைத் திரட்டி ஒரு சங்கம் நிறுவினார். அத்தகைய கிளர்ச்சிகளின் விளைவாகப் பல மாகாணங்களிற் பரிணாமக் கல்வியைத் தடுக்கும் மசோதாக்கள் தோன்றின. டென்னசி மாகாணத்தில், ஜான் வாஷிங்டன் பட்லர் என்னும் உழவர் கொணர்ந்த மசோதா சட்டசபையில் நிலுவையிலிருந்த 1925 பிப்ரவரித் திங்களில், பெயர் பெற்ற பிரசங்கியாகிய பில்லி சண்டே மெம்பிஸ் நகரிற் பெருங்கூட்டங்களைக் கூட்டிப் பரிணாமக் கொள்கையைக் கண்டித்து முழங்கினார். 1925 மார்ச்சு 21-ஆம் நாள் அம்மசோதா சட்டமாயிற்று. விவிலியம் கற்பிக்கும் தெய்விகப் படைப்பு வரலாற்றை மறுத்து, மனிதன் தாழ்ந்த விலங்கினத்தினின்று வந்தான் எனப் பொதுப்பள்ளிகளிற் கற்பித்தல் குற்றமென அது விதித்தது. தண்டம் 100 முதல் 500 டாலர் வரை.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் டேட்டன் என்னும் சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியர் மீது நடந்த வழக்கு உலகறிந்தது. அரசின் பக்கம் வாதிக்க வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், குருப்பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் அக்காலத்துப் பிராட்டஸ்டண்ட் மக்களிடத்து அவர் பெற்றிருந்த செல்வாக்குப் பெரிது. 1896, 1900, 1908 ஆகிய மூன்று தேர்தல்களில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர். 1913 முதல் 1915 வரை வெளிநாட்டமைச்சராயிருந்து, நாடு போரை நோக்கிச் செல்கின்றதென அஞ்சிப் பதவி துறந்தவர். 1923-இல் பிரெஸ்பிட்டேரியன் பேரவைத் தலைமைக்குப் போட்டியிட்டுச் சிறு வேறுபாட்டில் தோற்றவர்.

பிரையனை அறியாமையின் வடிவென இகழ்ந்து ஒதுக்குவோர் பலர். அது நடுவுநிலை ஆகாது. வலியார் மெலியாரை அழித்தலே இயற்கை என்னும் கருத்து ஜெர்மானியப் படைத்தலைவர்களின் போர்வெறிக்குத் துணையாயிற்று என்று அக்காலத்து நூல்கள் சில கூறின. அவற்றைப் பிரையன் கற்றிருந்தார். கல்லூரியிற் பயின்று வெளிவரும் இளைஞரிடத்துக் கடவுள் நம்பிக்கை குறைந்து வருதலை, உளநூலாராகிய லூபா என்பார் 1916-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அதனையும் அவர் எடுத்தாண்டார். ஸ்கோப்ஸ் வழக்கிற்கு உட்பட்ட பாடநூலாகிய ஹன்டரின் உயிர்நூல் 1914-இல் வெளிவந்தது. மக்கட்குலங்களை உயர்வு தாழ்வு வகுத்து வெள்ளையரை முடிவில் வைத்ததும், குறையுடையோர் இனம் பெருகாவாறு தடுத்தலை நன்றெனக் கூறியதும் அந்நூலே. ஆகவே பிரையனது அச்சம் முற்றிலும் அடிப்படை அற்றதன்று. ஓர் அறிவு மக்கட்கு எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்று வினவுதல் மதத்தலைவர்க்கு உரிய கடமையே. அவர் வழுவியது மருந்திலன்றி நோயிலன்று. கொள்கையின் பயனைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் கொள்கையின் மெய்ம்மையைச் சட்டத்தாற் பொய்யாக்க முயன்றார்.

அம்முயற்சி ஜூலை 20-ஆம் நாள் தானே தன்னை மறுத்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞராகிய கிளாரன்ஸ் டாரோ, பிரையனையே சான்றுரைக்க அழைத்தார். ஆதியாகமம் கூறும் ஆறு நாட்களும் 24 மணி நேரம் கொண்ட நாட்களோ என வினவியபோது, அவை நீண்ட காலப்பகுதிகளாதல் கூடும் என்று பிரையன் உடன்பட்டார். உடன்படவே, திருவெழுத்திற்கு நேர்ப்பொருளன்றி உரைப்பொருளும் உண்டு என்பது அவர் வாயிலாகவே போந்தது. உரைப்பொருள் ஓரிடத்து உண்டெனின் பிறிதோரிடத்து இல்லையென வரையறுப்பவர் யார்? அரசினர் ஆகார்; நீதிமன்றத்தாரும் ஆகார். சிகாகோ சர்வகலாசாலையின் மதநூற் கலாசாலைத் தலைவராகிய ஷெய்லர் மாத்யூஸ் எழுதித் தந்த உரையும், ஸ்கோப்ஸ் பக்கம் சான்று கூறிய விலங்கு நூலாராகிய மேனார்டு மெட்காஃப் தம் திருச்சபைப் பற்றைக் குறித்து மொழிந்ததும், கிறிஸ்தவ நெறிக்கும் பரிணாமக் கொள்கைக்கும் முரண்பாடு இன்றெனக் கொண்ட கிறிஸ்தவர் அன்றே இருந்தனர் என்பதைக் காட்டும். ஜூரர் முன் அவை வைக்கப்படவில்லை. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927-இல் மாகாண மேல் நீதிமன்றம், தண்டத்தை ஜூரரன்றி நீதிபதி விதித்த பிழை காட்டி அதனை நீக்கிற்று. பிரையன் வழக்கு முடிந்த ஐந்தாம் நாள், ஜூலை 26-இல், டேட்டனிலேயே உயிர் நீத்தார்.

இவ்வழக்கிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. டென்னசிச் சட்டம் விவிலியத்தைப் பெயர் சுட்டிக் கூறிற்று. தான் காப்பது ஒரு மதத்தின் திருவெழுத்தென அது மறைக்கவில்லை. அதன் கொள்கை பிழையாயினும் அதன் வாய்மை பாராட்டத்தக்கது. அதன் பின் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றிலும் அவ்வாய்மை தேய்ந்து வந்தமையே இவ்வரலாற்றின் உட்பொருள். 1928-இல் ஆர்க்கன்சாஸ் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், மனிதன் தாழ்ந்த விலங்கினின்று வந்தானெனக் கற்பித்தலைத் தடுத்ததாயினும், விவிலியம் என்னும் சொல்லை விடுத்தது. சூசன் எப்பர்சன் என்னும் உயிர்நூல் ஆசிரியை தொடுத்த வழக்கில், 1968 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியபோது, அச்சொல் விடுபட்டமையையும், விடுபட்டும் நோக்கம் மாறாமையையும் எடுத்துக்காட்டிற்று. அரசு எந்த மதத்தையும் நிறுவலாகாது என்னும் அரசியலமைப்பின் முதல் திருத்தமே அத்தீர்ப்பிற்கு அடிப்படை.

தடுத்தல் இனி இயலாதெனக் கண்டோர், ஒப்ப வைத்தல் என்னும் வேறு வழி வகுத்தனர். 1961-இல் ஜான் விட்கோம், ஹென்றி மாரிஸ் என்னும் இருவர் வெளியிட்ட நூல், நோவாவின் வெள்ளத்தையே நிலநூற் சான்றுகட்கு விளக்கமாகக் கொண்டது. முன்னவர் மதநூலார், பின்னவர் நீரியக்கப் பொறியியலார். அதனின்று வளர்ந்தது ‘படைப்பு விஞ்ஞானம்’ என்னும் பெயர். 1981-இல் ஆர்க்கன்சாஸ் சட்டசபை இயற்றிய 590-ஆம் சட்டம், பரிணாமம் கற்பிக்கும் இடமெல்லாம் படைப்பு விஞ்ஞானத்தையும் சமனிலையிற் கற்பிக்குமாறு விதித்தது.

அச்சட்டம் பிறந்த வகையைத் தீர்ப்புரை நுணுக்கமாக ஆராய்கின்றது. அதன் வரைவு தென் கரோலினா மாகாணத்தில் விஞ்ஞானியோ கல்வியாளரோ அல்லாத ஒருவரால் எழுதப்பட்டு, லிட்டில் ராக் வட்டாரப் போதகர் சங்கத்திற்கு வந்தது. அச்சங்கம் அதனைச் சட்டசபையிற் கொணர வேண்டுமென ஒருமுகமாகத் தீர்மானித்து, போதகர் இருவரைக் குழுவாக அமைத்தது. அவர் வாயிலாகச் செனட்டர் ஒருவர் கைக்கு அது சென்றது. கல்வித் துறையாரையேனும், விஞ்ஞானிகளையேனும், அரசின் தலைமை வழக்கறிஞரையேனும் அவர் கலந்திலர். செனட்டில் சில நிமிடப் பேச்சோடு அது நிறைவேறிற்று. கீழ்ச்சபையின் கல்விக் குழு அதன்மேற் செலவிட்டது 15 நிமிடம். மார்ச்சு 19-ஆம் நாள் கவர்னர் கையொப்பமிட்டார். மதத்தலைவர் சிலரது செல்வாக்கு ஒரு மாகாணத்தின் பிள்ளைகள் கற்பதனை எத்துணை விரைவில் மாற்றவல்லது என்பதற்கு இஃது ஓர் அளவுகோல்.

இனிச் சட்டத்தின் வாசகம். படைப்பு விஞ்ஞானம் என்பதற்கு அது ஆறு கூறுகள் வகுத்தது: உலகும் ஆற்றலும் உயிரும் இன்மையினின்று திடீரெனப் படைக்கப்பட்டமை, உயிர்வகை யாவும் ஒன்றினின்று வளர்ந்தமைக்கு இயற்கைத் தேர்வு முதலியன போதாமை, முதலிற் படைக்கப்பட்ட இனங்களின் எல்லைக்குள்ளேயே மாறுதல் நிகழ்தல், மனிதனுக்கும் வாலில்லாக் குரங்கிற்கும் முன்னோர் வேறாதல், உலகளாவிய வெள்ளம் முதலிய பேரழிவுகளால் நிலத்தின் அமைப்பு விளங்குதல், உலகும் உயிர்களும் அண்மையில் தோன்றினமை. இவ்வாறும் ஒருங்கு காணப்படும் நூல் ஆதியாகமம் ஒன்றே என்பது கற்றார் யாவர்க்கும் வெளிப்படை. ஆயினும் அதே சட்டம், இப்பாடத்தில் மதபோதனை எதுவும் இருத்தலாகாதென்றும், மதநூல் எதனையும் சுட்டலாகாதென்றும் விதித்தது. அஃதாவது, விவிலியத்தின் பொருளைக் கற்பிக்குமாறு பணித்து, விவிலியத்தின் பெயரைக் கூறாவாறு தடுத்தது. வெள்ளம் என்று கூறக்கேட்ட மாணவன், ‘ஐயா, அது நோவாவின் வெள்ளமோ?’ என்று வினவின், ஆசிரியர் யாது கூறுவர்? உண்மை கூறின் சட்டம் பிழைக்கும். சட்டத்தைக் காப்பின் உண்மை பிழைக்கும். புலாஸ்கி வட்டாரத்து ஆசிரியர் குழுவினர் இப்பாடத்திற்கு ஒரு வழிகாட்டி நூல் தொகுக்க முயன்றபோது, மதச்சார்பற்ற நூல் ஒன்றும் காணாராயினர் என்பது தீர்ப்புரையிற் காணப்படும்.

வரைவை எழுதியவர் தம் கூட்டாளிகட்கு விடுத்த கடிதங்களும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. இது கடவுட்கும் கடவுட் பகைவர்க்கும் இடையே நிகழும் போர் என்று தம்மவர்க்கு எழுதிய அவரே, வெளியார்க்கு எழுதுங்கால் மதச்சாயல் தோன்றாவாறு காக்க என்றும், கிறிஸ்துவைப் பற்றிய சாட்சியம் கூற விழைவோர் அதனைத் தனித்தாளில் எழுதி இணைக்க என்றும் அறிவுறுத்தினார். தம் ஆண்டவரைக் குறித்த சான்றினைத் தனித்தாளில் ஒதுக்கி வைத்தல் அவ்வாண்டவர்க்குச் செய்யும் தொண்டாமோ என்பதே ஈண்டு எழும் கேள்வி.

இக்கேள்விக்கு விடையாகத் தீர்ப்புரையின் அடிக்குறிப்பு ஒன்று அமைந்துள்ளது. தீர்ப்புரை முழுவதினும் ஆழ்ந்த பொருளுடையது அச்சிறு குறிப்பேயாம். சட்டத்தைக் காக்கப் புகுந்தோர், இதன்கட் கூறப்படும் படைப்போன் மதத்திற்குரிய கடவுள் ஆகவேண்டுவதில்லை என்று வாதித்தனர். வழிபடப்படும் கடவுள் வேறு, உலகைத் தோற்றுவித்த ஆற்றல் வேறு என்று கொண்டாலன்றிச் சட்டம் நில்லாது. சிகாகோ சர்வகலாசாலையின் மதநூற் பேராசிரியராகிய லாங்டன் கில்க்கி வாதிகள் பக்கம் சான்று கூறினார். உலகத்தை இன்மையினின்று தோற்றுவித்தல் கடவுள் ஒருவர்க்கே இயலுமாதலின் அதனினும் மதச்சார்புடைய கூற்று வேறில்லை என்றார். மேலும், படைக்கும் கடவுள் வேறு, அன்பும் இரக்கமும் உடைய கடவுள் வேறு எனப் பிரிப்பது, பண்டைக் கிறிஸ்தவத் திருச்சபையை அழிக்கவல்லதாய் எழுந்த மார்சியன் முதலியோரது புறக்கொள்கைக்கு நெருங்கியதென்றும் காட்டினார். அக்கொள்கையை விலக்குதற்பொருட்டே அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் உருப்பெற்றதென்பது வரலாறு. படைப்போனும் மீட்போனும் ஒருவனே என்பது கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நிலை. அவ்வுயிர்நிலையை, கிறிஸ்தவத்தைக் காக்க வந்தோரே வழக்கு வெல்லுதற்பொருட்டு விட்டுக்கொடுத்தனர். படைத்தலும் அருளலும் ஒருவன் தொழிலே எனக் கொண்ட எச்சமயத்தார்க்கும், இப்பிரிவினை எத்துணைக் கொடிதென்பது கூறாமலே விளங்கும்.

அற்றேல், கிரேக்க தத்துவ ஞானியாகிய அரிஸ்டாட்டில் உலகியக்கத்திற்கு முதற்காரணமொன்றை வழிபாட்டு நோக்கமின்றியே கருதலளவையான் நிறுவினாரன்றோ, அதுபோல ஈண்டும் கொள்ளலாமன்றோ எனின், அஃதொக்கும். அரசின் பக்கம் சான்று கூறிய மதநூலார் ஒருவர் அவ்வாறே வாதித்தார். ஆயினும் அரிஸ்டாட்டிலின் முதற்காரணம் உலகை இன்மையினின்று திடீரெனத் தோற்றுவிப்பதன்று. அண்மைக் காலத்துத் தோற்றுவிப்பதும் அன்று. வெள்ளத்தால் அழிப்பதும் அன்று. சட்டத்தின் ஆறு கூறுகளும் தத்துவ ஆராய்ச்சியாற் பெறப்பட்டன அல்ல. ஒரு திருவெழுத்தினின்று பெறப்பட்டன. உரையளவையாற் பெற்றதனைக் கருதலளவையாற் பெற்றது எனக் கூறுதல் அளவை மயக்கமாம். அன்றியும் அச்சட்டமே, பரிணாமத்தை மட்டும் கற்பித்தல் நாத்திகம் முதலிய மதங்கட்குச் சலுகை தருவதென்று தன் காரணவுரையிற் கூறுகின்றது. மதத்தோடு தொடர்பில்லை என்னும் சட்டம் மதங்களைப் பட்டியலிடுதல் தன்வாய்த் தன்மறுப்பு.

இருதிறமும் கற்பித்து மாணவர் தாமே தேர்ந்து கொள்ளுமாறு விடுதல் நடுவுநிலை யன்றோ என்பது மற்றொரு தடை. வெளித்தோற்றத்தில் இது நன்றுபோற் காணப்படும். இரண்டே கொள்கைகள் உளவாக, ஒன்று பொய்யெனின் மற்றொன்று மெய்யாம் என்பது இத்தடையின் அடிப்படை. உலகின் தோற்றம் பற்றி ஒவ்வொரு சமயமும் ஒவ்வொரு கொள்கை உடைத்து. அவற்றுள் ஒன்றனை மட்டும் எடுத்துப் பரிணாமத்திற்கு எதிர்நிறுத்திப் பிறவற்றை இல்லாதனபோல் ஒழித்தல் நடுவுநிலை அன்று. பரிணாமக் கொள்கையில் ஒரு குறை காட்டப்படின் அக்குறை ஆதியாகமத்திற்குச் சான்றாகாது. எதிர்க்கட்சியின் வழுவினால் தன்கட்சி நிறுவப்படாது என்பது வாத இலக்கணம். தீர்ப்புரை இதனைச் செயற்கையான இருமை என ஒதுக்கியது முற்றும் பொருந்தும்.

இங்ஙனமாகவும், தீர்ப்புரை எல்லாப் பகுதியினும் ஒப்ப வலியுடைத்தெனக் கூறல் இயலாது. விஞ்ஞானத்திற்கு நீதிபதி ஐந்து இலக்கணம் கூறினார்: இயற்கை நியதியின் வழி நிற்றல், இயற்கை நியதி கொண்டு விளக்குதல், புலனுலகிற் சோதிக்கத் தகுதல், முடிபுகள் மாற்றத்திற்கு இடந்தருதல், பொய்யெனக் காட்டப்படத் தகுதல். இவை மைக்கேல் ரூஸ் என்னும் தத்துவ நூலார் கூறிய சான்றினைத் தழுவியன. படைப்பு விஞ்ஞானம் இவ்வைந்தினும் தவறுதலின் விஞ்ஞானம் அன்று என்பது முடிபு. அவ்வாண்டே லாரி லாடன் என்னும் மற்றொரு தத்துவ நூலார் இதனை வன்மையாக மறுத்தார். உலகின் வயது சில ஆயிரம் ஆண்டே என்பதும், வெள்ளத்தால் நிலப்படைகள் அமைந்தன என்பதும் சோதிக்கத் தகாதன அல்ல. சோதிக்கப்பட்டுப் பொய்யெனக் கண்டனவே. அவற்றைச் சோதனைக்கு அகப்படாதன என்பது, மறுப்பினின்று அவற்றைத் தப்புவிக்கும். நியதி கொண்டு விளக்குதலை வேண்டின், மரபின் நியதி அறியப்படுமுன்னரே டார்வின் நிறுவிய இயற்கைத் தேர்வும் விஞ்ஞானம் ஆகாதொழியும். இவை லாடன் கூறிய தடைகள்.

இத்தடைகள் வலியுடையன. அரசின் பக்கம் நிகழ்ந்த ஒரு சான்றுரையே இவற்றிற்குத் துணை நிற்கும். இலங்கையிற் பிறந்த வானநூலாராகிய சந்திர விக்கிரமசிங்கர், உயிரின் வித்து வால்வெள்ளிகளினின்று நிலவுலகிற்கு வந்தது என்னும் தம் கொள்கைபற்றி அரசின் சான்றாக அழைக்கப்பட்டார். ஆயின் அவர், உலகின் வயது பத்து இலட்சம் ஆண்டிற்குக் குறைந்ததென்றாதல், உலகளாவிய வெள்ளம் நிலத்தின் அமைப்பை விளக்குமென்றாதல் அறிவுடைய விஞ்ஞானி எவரும் நம்பார் எனக் கூறிச் சென்றார். அரசு அவரை ஏன் அழைத்தது என்று விளங்கவில்லை என நீதிபதி எழுதினார். படைப்பு விஞ்ஞானத்தின் கூற்றுக்கள் ஆராயத்தக்கன, ஆராய்ந்து தள்ளத்தக்கன என்பதை அதன் சான்றாளரே காட்டிவிட்டார்.

ஆயினும் லாடன் கூற்றினால் தீர்ப்பின் முடிபு வீழ்வதன்று. பொய்யான விஞ்ஞானத்தைக் கற்பித்தலை அமெரிக்க அரசியலமைப்புத் தடுக்கவில்லை; ஒரு மதத்தை அரசு கற்பித்தலையே தடுக்கின்றது என ரூஸ் விடையிறுத்தமை சட்ட நெறிக்கு ஒத்தது. ஆகவே தீர்ப்பின் வலி, விஞ்ஞானத்திற்கு இலக்கணம் வகுத்த பகுதியில் இல்லை. சட்டம் பிறந்த வரலாற்றினும், அதன் ஆறு கூறுகளின் மூலத்தைக் காட்டியதினும், மதநூலார் கூறிய சான்றினும் உள்ளது. நீதிபதி மதநூலாரிடத்துக் கேட்டறிந்தது, தத்துவ நூலாரிடத்துக் கேட்டறிந்ததினும் உறுதி உடைத்தாயிற்று.

பின் நிகழ்ந்தவை இதனை வலியுறுத்தும். ஆர்க்கன்சாஸ் அரசு மேல்முறையீடு செய்யவில்லை. லூசியானா மாகாணத்தின் இதுபோன்ற சட்டத்தை 1987 ஜூன் 19-ஆம் நாள் தலைமை நீதிமன்றம் 7 நீதிபதிகள் ஒருதலையும் 2 நீதிபதிகள் மறுதலையுமாகத் தள்ளிற்று. அதன்பின் ‘படைப்பு’ என்னும் சொல்லும் மறைந்து, ‘அறிவார்ந்த அமைப்பு’ என்னும் சொல் தோன்றிற்று. பென்சில்வேனியா மாகாணத்து டோவர் நகரப் பள்ளிகள் பற்றி 2005-இல் நிகழ்ந்த வழக்கில், அக்கொள்கையின் பாடநூற் கையெழுத்துப் படிகள் ஒப்புநோக்கப்பட்டன. 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கு முற்பட்ட படிகளில் படைப்பு என நின்ற இடங்களில், பிற்பட்ட படிகள் அறிவார்ந்த அமைப்பு எனப் பாடம் கொண்டிருந்தன. மாற்றியவர் கை பிறழ்ந்து இரு சொற்களும் ஒன்றனுள் ஒன்று புகுந்து நின்ற இடமும் ஒன்று உண்டு. சுவடி ஒப்புநோக்கும் புலவர்க்கு இத்தகைய பாடபேதத்தின் பொருள் எளிதில் விளங்கும். ஜான் ஹாட் என்னும் கத்தோலிக்க மதநூலார், இவ்வாதம் தாமஸ் அக்வினாஸ் முதலியோர் கடவுள் உண்மைக்குக் கூறிய பழைய வாதமே என்றும், விஞ்ஞானம் அன்றென்றும் சான்று கூறினார். டிசம்பர் 20-ஆம் நாள் நீதிபதி ஜான் ஜோன்ஸ் அவ்வாறே தீர்த்தார். இத்தீர்ப்புகட்கு ஓரளவு கருவியாயிருந்த 1971-ஆம் ஆண்டு மும்முகச் சோதனையைத் தலைமை நீதிமன்றம் 2022-இல் கைவிட்டது. எனினும் 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அது நீக்கவில்லை. ஒரு சட்டத்தின் நோக்கத்தை ஆராயும் வழி மாறினும், ஒரு நூலின் மூலத்தை ஆராயும் வழி மாறுவதன்று.

1925-இல் விவிலியத்தின் பெயர் கூறப்பட்டது. 1928-இல் அது விடுபட்டது. 1981-இல் அதனைக் கூறுதலே தடுக்கப்பட்டது. 2004-இல் டோவர்க் கல்விக் குழு மேற்கொண்ட கொள்கையில் அமைத்தோன் யாவன் என்பதும் கூறாதொழிந்தது. அரசின் துணையை நாடிய மதத்தலைவர்கள் ஒவ்வொரு படியினும் அதற்கு விலையாகத் தம் கடவுளின் பெயரிலும் இயல்பிலும் ஒருபகுதியைக் கொடுத்து வந்தனர். டோவர் நகரத்தார் 2005 நவம்பர்த் தேர்தலில் அக்கல்விக் குழுவினரை நீக்கியபோது, நீவிர் கடவுளை நகரினின்று வெளியேற்றினீர் என்று பாட் ராபர்ட்சன் என்னும் பிரசங்கி வானொளியிற் கடிந்தார். கடவுளின் பெயர் அப்பாடத்தினின்று முன்னரே நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் அந்நகரத்தார் அல்லர்.

வழக்கு மன்றத்திற்கு வெளியேயும் மறுதிறத்துக் குருமாரின் குரல் கேட்கப்பட்டது. 2004-இல் விஸ்கான்சின் மாகாணத்தில் தொடங்கிய ஒரு விண்ணப்பத்தில், பரிணாமக் கொள்கை தம் சமயநெறிக்கு முரணன்று எனப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட கிறிஸ்தவக் குருமார் கையொப்பமிட்டனர். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகிய இரண்டாம் ஜான் பால் பாப்பரசர், பரிணாமம் ஒரு வெறுங் கருதுகோளினும் மேற்பட்டதென்றும், ஆன்மாவின் தோற்றம் அதன் எல்லைக்கு உட்பட்டதன்றென்றும் 1996-இல் அறிவித்தார். இவர்கள் தம் சமயத்தைத் தளர்த்தினார் அல்லர். அதற்குரிய எல்லையில் அதனை நிறுத்தினர். மக்லீனும் உடன்வாதிகளாகிய மேற்றிராணிமாரும் நீதிமன்றம் ஏறியது டார்வினுக்காக அன்று. தம் மக்களின் சமயக் கல்வி திருச்சபைக்கும் இல்லத்திற்கும் உரியதேயன்றி, அரசின் சம்பளம் பெறும் ஆசிரியர் கடவுளின் பெயர் கூறாது கற்பிக்கும் பாடத்திற்கு உரியதன்று என்பதை நாட்டுதற்கேயாம்.

ஆதலின் மதத்தலைவரின் செல்வாக்குக் கல்விக்குத் தீதென்பதும் நன்றென்பதும் பொதுவிற் கூறத்தகா. ஓர் அறிவின் பயன் மக்கட்குத் தீங்காங்கால் அதனைக் கண்டித்தற்கு அவர்க்கு முழு உரிமை உண்டு. ஹன்டரின் பாடநூல் கூறிய இனவேற்றுமையையும், குறையுடையோரை ஒடுக்கும் கருத்தையும் பிரையன் தம் முழு ஆற்றலோடு எதிர்த்திருப்பின், காலம் அவரை வேறுவகையாகப் போற்றியிருக்கும். எலும்பும் பாறையும் கூறும் சான்றினைச் சட்டத்தால் அடக்க முயலும்போதோ, அம்முயற்சி சான்றினை அடக்காது மதத்தையே அடக்குகின்றது. கடவுளைக் கூறுவார் கடவுளென்றே கூறுக. அதற்குரிய இடத்திற் கூறுக. மாற்றுப் பெயரிட்டு வாயில் கடத்தப்படும் தெய்வம் வழிபடப்படும் தெய்வம் ஆகாது என்பதனை, ஆர்க்கன்சாஸ் நீதிமன்றத்தில் அத்தெய்வத்தின் அடியாரே முன்வந்து நிறுவினர்.